அந்த ஆறாவது போல்ட்டு கடைசில கழண்டுருச்சு

நாலு நாளா என்னை தூங்க விடாம பண்ணுன சைக்கிள் முன் வீல் ரோட்டர் (டிஸ்க் பிரேக்கோட வட்டத் தட்டு) போல்ட்டு நேத்து சாயங்காலம் ஆறரை மணிக்கு "டக்"னு ஒரு சத்தத்தோட கழண்டுச்சு. சந்தோஷத்துல அதை பேப்பர்ல மடிச்சு பர்ஸ்ல வச்சிருக்கேன், அம்மா பாத்துட்டு "இதென்னடா, தாயத்தா"ன்னு கேட்டாங்க. சரி, கதைய ஆரம்பத்துல இருந்து சொல்றேன், ஏன்னா இது முழுக்க நான் குளிருக்கு சாமான் வாங்கப் போய் இழுத்து வச்சுக்கிட்ட வினை.

நவம்பர் கடைசி ஞாயிறு கோத்தகிரி போனேன். கோயம்புத்தூர்ல 4 மணிக்கு கிளம்பி மேட்டுப்பாளையத்துல டீ, அப்புறம் அந்த 33 கிலோமீட்டர் ஏத்தம். ஏறுறது பிரச்சனையே இல்ல, குளிரும் தெரியாது, பாதி தூரத்துலயே ஜெர்சிய பிழிஞ்சா தண்ணி ஊத்தும். இறங்குறப்ப தான் அத்தனையும். மேல பனிமூட்டம், சன்னமா தூத்தல், நனைஞ்ச ஜெர்சி, அரை விரல் கிளவுஸ். அஞ்சாறு வளைவு தாண்டுறதுக்குள்ள விரல் மரத்துப்போய் பிரேக் லீவர் மேல விரல் இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்து தான் தெரிஞ்சுக்கணும்ங்கற நிலைமை. அதோட பிரேக்கும் மக்கர். லீவர் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது, கண்ணாடிய தேய்க்கிற மாதிரி வழுக்குது. ஒரு ஹேர்பின்ல எதுக்க வந்த பஸ்சுக்கும் எனக்கும் நடுவுல இருந்த இடத்தை நான் வீட்ல சொல்லல, இங்கயும் சொல்லல. ஓரமா நிறுத்திட்டு பாத்தா ரோட்டர் மேல விழுற தூத்தல் சுர்ருனு ஆவியாகுது. ரோட்டரை கவ்வுற ரெசின் பேடு (பிசின் கலவைல செஞ்ச பிரேக் கட்டை) சூடேறி மேல பளபளன்னு கிளேஸ் ஆகிருச்சு. மீதி தூரம் நிறுத்தி நிறுத்தி ஆற வச்சு இறங்குனேன்.

வந்த உடனே ஒரு லிஸ்ட் போட்டேன், ஜனவரில ஊட்டி வரைக்கும் போகணும்ல. தலைகுந்தா பக்கம் காலைல புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சிருக்கும், அதை சைக்கிள்ல போய் பாக்கணும்ங்கறது மூணு வருஷ ஆசை. ஊட்டி 2240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம், ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும்னு வச்சா கீழ இருக்கறதை விட மேல 12 டிகிரி கம்மி. இதுல காத்து வேற. 10 டிகிரில 40 கிலோமீட்டர் வேகத்துல இறங்குனா உடம்புக்கு 6 மாதிரி இருக்கும், 5 டிகிரியா இருந்தா மைனஸ் 1 மாதிரி. நம்மூர் உடம்பு 18 டிகிரிக்கே மப்ளர் கட்டுற உடம்புங்க.

துணிமணி சீக்கிரம் முடிஞ்சுருச்சு. டெகத்லான்ல கையில்லாத காத்துத்தடுப்பு ஜாக்கெட் ஒண்ணு, சுருட்டுனா கைக்குள்ள அடங்கும், பின் பாக்கெட்ல போயிரும். ஆர்ம் வார்மர் விலைய பாத்துட்டு கடுப்பாகி 150 ரூபாய்க்கு ஃபுட்பால் சாக்ஸ் வாங்கி பாதத்தை வெட்டி எறிஞ்சிட்டேன், முழங்கைக்கு மேல வரைக்கும் கச்சிதமா நிக்குது, ஒரே குறை நான் எடுத்தது மஞ்சள் கோடு போட்டது, ஏதோ பள்ளிக்கூட டீம்ல இருந்து ஓடி வந்தவன் மாதிரி இருக்கேன். உள்ள போட காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் மிச்சத்துல ரெண்டு ஃபுல் கை பனியன். திருப்பூர் பக்கத்துலயே இருக்கறவங்க ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல குடுத்து பேஸ் லேயர் வாங்குறது எனக்கு இன்னும் புரியல. பாலியெஸ்டரான்னு மட்டும் லேபிள் பாத்து எடுங்க, காட்டன் வேண்டாம், ஈரத்தை புடிச்சு வச்சுக்கும். ரெண்டுல ஒண்ணு மேல போனதும் மாத்திக்கறதுக்கு, பாலித்தீன் கவர்ல காத்து போகாம கட்டி வச்சிருவேன். இது ஒண்ணு செஞ்சாலே பாதி குளிர் போயிரும், மீதிக்கு டீக்கடைல கேட்டு ஒரு பழைய பேப்பர் வாங்கி நெஞ்சுக்கும் ஜெர்சிக்கும் நடுவுல சொருகுங்க. சிரிக்காதீங்க, ஐரோப்பால ரேஸ் ஓட்டுறவங்களே காலங்காலமா மலை உச்சில இதைத்தான் பண்ணிட்டிருந்தாங்க.

கிளவுஸ்ல 1100 ரூபாய் போச்சு. பஞ்சு வச்ச தடி கிளவுஸ் வாங்கிட்டேன், கதகதன்னு தான் இருக்கு, ஆனா லீவரையும் ஹேண்டில்பாரையும் சேத்து புடிச்சா எது எதுன்னு தெரியல, கியர் மாத்துறதுக்கு பதிலா பெல் அடிக்கிறேன். இப்ப சாதா முழுவிரல் கிளவுஸ் உள்ள மெடிக்கல் ஷாப் நைட்ரைல் கிளவுஸ் ஒரு ஜோடி. உள்ள வேர்க்கும், கழட்டுனா விரல் ஊறுன அப்பளம் மாதிரி இருக்கும், ஆனா காத்து புகாது. அந்த தடி கிளவுஸ் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, எக்ஸ்எல் சைஸு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

பிரேக்கு எனக்கு ஷிமானோ எம்டி200, நம்மள்ல பாதிப்பேர்கிட்ட இருக்கறது தான். மலை இறக்கத்துக்கும் மழைக்கும் மெட்டல் பேடு தான் சரின்னு எல்லாரும் சொல்றாங்க, சூட்டை தாங்கும், ஈரத்துல சீக்கிரம் தேயாது, என்ன கொஞ்சம் கத்தும். கடைல போய் கேட்டேன், ஈ01எஸ்னு மெட்டல் பேடு ரெண்டு ஜோடி எடுத்து குடுத்தாரு, எந்த ரோட்டர்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. வீட்ல வந்து முன் பேடை கழட்டி, பிஸ்டனை டயர் லீவரால உள்ள தள்ளி, புதுசை சொருகி, ஊசிய மடக்கி, வீலை மாட்டறப்ப டார்ச் வெளிச்சம் ரோட்டர் மேல சாய்வா விழுந்துச்சு. வளையத்துக்கு உள்பக்கம் பொடி எழுத்துல பொறிச்சிருக்கான்: ரெசின் பேட் ஒன்லி. ரெண்டு வருஷமா வாரா வாரம் தொடைக்கிறேன், ஒரு நாள் கூட படிக்கல. ரோட்டர் மாடல் ஆர்டி26. மெத்து ஸ்டீல், மெட்டல் பேடு போட்டா ரம்பம் மாதிரி அறுத்துரும். கடைல பேடை திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க, கவர் பிரிச்சாச்சாம். கவரை பிரிக்காம எப்படிங்க மாட்டி பாக்கறது? சரின்னு ஆர்டி66 ரோட்டர் ரெண்டு ஆர்டர் போட்டேன், அது ரெண்டு வகை பேடையும் தாங்கும். ஆக 160 மில்லிமீட்டர் ரோட்டர் ரெண்டு, பேடு விலையோட சேத்தா ஜாக்கெட்டை விட ஜாஸ்தி.

ரோட்டர் மாத்துறது பத்து நிமிஷ வேலைன்னு வீடியோல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே பண்றாங்க. ஆறு போல்ட்டு, டி25 ஸ்டார் பிட்டு, அவ்வளவு தான். ஒண்ணு, ரெண்டு, மூணு கெட்டியா இருந்துச்சு ஆனா வந்துச்சு. கம்பெனில பசை தடவி தான் இறுக்கறாங்க, கழட்டுனா நீலமா பொடி உதிரும். நாலு, அஞ்சும் வந்துச்சு. ஆறாவதுல பிட்டை வச்சு ஒரு அழுத்து அழுத்துனேன், வழுக்குச்சு. இன்னொரு தடவை. அவ்வளவு தான், நட்சத்திரம் வட்டமாயிருச்சு.

ஏன் அப்படி ஆச்சுன்னு அப்புறமா குண்டூசி வச்சு நோண்டுனப்ப தான் தெரிஞ்சது. அந்த குழிக்குள்ள ரெண்டு மழைக்காலத்து செம்மண்ணும் செயின் எண்ணெயும் சேந்து இறுகி சிமெண்ட்டு மாதிரி உக்காந்திருக்கு. பிட்டு முழுசா உள்ள இறங்கவே இல்ல, மேல ஒரு மில்லிமீட்டர் தான் புடிச்சிருக்கு. முதல் அஞ்சும் எப்படி வந்துச்சுங்கறதே அதிசயம். அதனால, கழட்டுறதுக்கு முன்னாடி ஆறு குழியையும் ஊசியால நோண்டி, பிட்டை வச்சு ஒரு தட்டு தட்டி, அடிவரைக்கும் இறங்குன சத்தம் கேட்ட அப்புறம் தான் திருப்பணும். என் காசுல கத்துக்கோங்க.

முதல் நாள் ரப்பர் பேண்டை வச்சு அழுத்தி திருப்புனேன், ரப்பர் பேண்டு அறுந்துச்சு. ரெண்டாவது நாள் ஆக்சா பிளேடால தலைல கோடு போட்டு ஸ்க்ரூ டிரைவர் வைக்கலாம்னு பாத்தேன், ஹப் இடிக்குது, பிளேடு உள்ள போகவே இடமில்ல, ஒரு ஸ்போக்ல கீறல் விழுந்தது தான் மிச்சம். மூணாவது நாள் சூடு. அந்த பசை சூட்டுல இளகும், அதனால வீட்ல இருந்த 25 வாட் சால்டரிங் அயர்னை போல்ட்டு தலைல கால் மணி நேரம் வச்சிருந்தேன். ஒண்ணும் ஆகல, ஹப் அலுமினியம், குடுக்கற சூட்டை எல்லாம் அது குடிச்சுட்டு வெதுவெதுன்னு உக்காந்திருக்கு.

நாலாவது நாள் வீலை தோள்ல மாட்டிக்கிட்டு கணபதில தெரிஞ்ச ஒரு லேத் பட்டறை அண்ணன்கிட்ட போனேன். பம்ப் செட்டு ஷாஃப்ட் போடற இடத்துல சைக்கிள் வீலோட போய் நிக்க கொஞ்சம் கூச்சமா தான் இருந்துச்சு. அவரு கருப்பு வேட்டி, கழுத்துல மாலை, சபரிமலைக்கு விரதம். கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு ஒரு நிமிஷம் பாத்தாரு. "ஏந்தம்பி, இத்தனூண்டு போல்ட்டுக்கா நாலு நாளு"ன்னாரு. டப்பாவுல தேடி ஒரு டி27 பிட்டு எடுத்தாரு, ஒரு சைஸ் பெருசு. அதை வட்டமாயிருந்த குழில வச்சு சுத்தியல்ல நாலு தட்டு, தட்டறப்பவே அது புதுசா பல்லு வெட்டிக்கிட்டு உள்ள இறங்குது. அப்புறம் 60 வாட் அயர்னை பிட்டோட ஒட்டி வச்சுட்டு டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. டீ வந்து குடிச்சு முடிக்கற வரைக்கும் கையே வைக்கல. நான் தான் பரபரன்னு இருந்தேன். கடைசில ராட்செட்டை மாட்டி, முதல்ல இறுக்கற பக்கமா ஒரு மயிரிழை திருப்புனாரு, அப்புறம் கழட்டற பக்கம். டக். போல்ட்டு பிட்டோடவே ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. காசு வாங்கல, "மேல போனா வர்க்கி வாங்கிட்டு வா"ன்னுட்டாரு.

புது ரோட்டரை ஆல்கஹால் வச்சு தொடச்சு, வெறும் கை படாம, குறுக்கு குறுக்கா சமமா இறுக்கி, நைட்டு 9 மணிக்கு எங்க வீதிலயே பேடு உக்கார வச்சேன். 25 வேகத்துக்கு போய் நடக்கற வேகத்துக்கு இறக்கணும், முழுசா நிக்கக்கூடாது, வீல் லாக் ஆகக்கூடாது, இப்படி இருபது தடவை. பதினஞ்சாவது தடவைல பக்கத்து வீட்டு மாமா கேட்டுக்கு வெளிய வந்து "எதையாச்சும் தொலைச்சிட்டியா தம்பி"ன்னு கேட்டாரு. முதல் நாலஞ்சு தடவை ஒண்ணும் புடிக்கல, பயந்துட்டேன், அப்புறம் திடீர்னு கவ்வ ஆரம்பிச்சது பாருங்க. நிறுத்தறப்ப ஒரு கொரகொர சத்தம் இருக்கு. இருக்கட்டும், யானை வந்தாலும் கேட்டு ஒதுங்கட்டும்.

டயர் காத்தை பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாரு, மேல குளிர்ல காத்து குறையுமான்னு. கணக்கு போட்டு பாத்தேன். கீழ 25 டிகிரில 60 பிஎஸ்ஐ அடிச்சு மேல 5 டிகிரிக்கு போனா குளிரால ஒரு 5 குறையுது, ஆனா அங்க வெளிக்காத்தோட அழுத்தம் கம்மிங்கறதால கேஜ்ல ஒரு 3 கூடுது. கழிச்சா 2 தான் குறையும். அதுக்காக பம்பை தூக்கிட்டு அலைய வேண்டாம், பஞ்சருக்கு தூக்குங்க. அடுத்து வாங்க வேண்டியது பின்னாடி லைட்டு, பனிமூட்டத்துல பகல்லயே எரியணும், கூடவே நீளமான மட்கார்டு, செயினுக்கு வெட் லூப் (மழைக்கு போடற செயின் எண்ணெய்). மட்கார்டு ஃபிரேம்ல ஓட்டை இல்லாம எப்படி மாட்டுறதுன்னு அது தனி ராமாயணம், லைட்டுக்கு ரெண்டு மூணு மாடல் பாத்து வச்சிருக்கேன், சம்பளம் வரட்டும்.

பின் வீல் இன்னும் தொடல. அதுல பழைய ரெசின் பேடையே உப்புத்தாள்ல தேய்ச்சு பளபளப்பை எடுத்துட்டு ஓட்டலாம், ஓடும், ஆனா புது ரோட்டர் மேஜை மேல உக்காந்து என்னையே பாத்துட்டிருக்கு. இன்னைக்கு காலைல குண்டூசிய எடுத்துக்கிட்டு ஆறு குழியையும் பொறுமையா நோண்டுனேன். அஞ்சு சுத்தம், பிட்டு அடிவரைக்கும் இறங்குது. ஆறாவது ஏற்கனவே வட்டம், எப்பவோ சர்வீஸ்ல யாரோ பண்ணி வச்ச புண்ணியம். பட்டறைக்கு போன் போட்டா அண்ணன் மலைக்கு கிளம்பிட்டாராம், திங்கக்கிழமை தான் திறப்பாங்களாம்.