ஐடிலில் 8 பவுண்டு: அம்பாசிடர் ஆயில் புராணம்

நேற்று ராத்திரி வண்டியை முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும்போது ஐடிலில் (நின்ற இடத்தில் சும்மா ஓட) விட்டுப் பார்த்தேன். ஆயில் அழுத்த மீட்டரின் முள் 22 பவுண்டில் நின்றது. மூன்று மாதமாக 8-ஐத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்த அதே முள். ரோட்டில் 55. வீட்டில் யாருக்கும் இதன் அருமை புரியாததால் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 1986 மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். டாஷ்போர்டில் இருப்பதை நம்பாமல் ஆயில் அழுத்தத்துக்கு மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றைத் தனியாக மாட்டினேன், அன்றோடு தூக்கம் போனது. முதலில் காட்டிய மெக்கானிக் மீட்டரைப் பார்த்ததுமே, "கிராங்க் பேரிங் போயிருச்சுங்க, எஞ்சினை எறக்கிரலாம்" என்றார். இன்னொருவர், "ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னாடி ஒரு வாஷர் போடுங்க, ஏறிக்கும்" என்றார். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாசம் இல்லை. ஆக பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்து ஆயில் நீர்த்துப்போன கதையும் இல்லை.

வாஷர் யோசனைதான் என்னைக் குடைந்தது. அந்த வால்வு அழுத்தம் மிஞ்சும்போது மட்டும் திறந்து, அதிகப்படி ஆயிலை சம்ப்புக்கே (எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) திருப்பி அனுப்புவது. 8 பவுண்டில் அது மூடித்தானே இருக்க வேண்டும்? மூடியிருக்கும் கதவை இன்னும் அழுத்தி என்ன பயன்? வாஷர் போட்டால் ரோட்டில் காட்டும் எண் ஏறும், ஐடில் அப்படியே கிடக்கும். சரி, கதவு மூடுகிறதா என்றே பார்த்துவிடுவோம் என்று பிளாக்கின் இடது பக்கம், பின்னால், மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் குமிழ் நட்டைக் கழற்றினேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் அதே அறிவுரையைக் கேட்டிருக்கிறார் போல. ஸ்பிரிங்கோடு இரண்டு வாஷர் விழுந்தன!

கதவாக இருக்கும் கிண்ணம் போன்ற துண்டுதான் பிளஞ்சர். அதன் கூம்பு முனையில் சுற்றிலும் பள்ளம், ஒரு பக்கம் மட்டும் ஆழமாக. ஆயில் பம்ப் தள்ளுவதில் ஒரு பங்கு அந்த வழியாகவே சம்ப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

புது பிளஞ்சர் போட்டால் மட்டும் போதாது, பிளாக்கில் அது உட்காரும் சீட்டோடு அரைத்துப் பொருத்த வேண்டும். அதைப் பிடித்துச் சுழற்ற ஒரு கருவி வேண்டுமே. குச்சியில் டேப் சுற்றிச் செருகினேன், ஆயில் பட்டதும் வழுக்கியது. கடைசியில் லேத் பட்டறை அண்ணன் ஒரு பித்தளைக் கம்பி கடைந்து கொடுத்தார். முனையில் பிளவு, நடுவில் ஒரு கூம்புத் திருகு. திருகை முறுக்கினால் முனை விரிந்து பிளஞ்சரை உள்ளிருந்து கவ்விக்கொள்ளும். டீக்காசு மட்டும் வாங்கினார். கோயமுத்தூரில் இருப்பதில் இது ஒரு சுகம்.

வால்வு அரைக்கும் நைஸ் பேஸ்ட், துளிதான். அதிகம் வைத்தால் ஆயில் வழிக்குள் போய் நல்ல பேரிங்கையும் தின்றுவிடும். அரைத் திருப்பு இந்தப் பக்கம், அரைத் திருப்பு அந்தப் பக்கம், எடுத்துத் துடை, மார்க்கர் மை தடவு, திரும்ப வை. முதல் நாள் மையில் பிறைதான் விழுந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் முழு வளையம். துணியில் கருப்பு ஒட்டாத வரைக்கும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன், அப்புறம் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். வாஷர் இரண்டும் இப்போது சாவிக்கொத்தில்.

ஆயில் ஒழுகல் கதை தனி. எஞ்சினை டீசலில் கழுவி, காயவைத்து, முகப்பவுடர் தூவி ஓட்டினால் மூன்று இடம் நனைந்தது. ஃபில்டர் கிண்ணத்தில் பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமலே அதன் மேல் புதுசைப் போட்டிருந்தார்கள், ஐந்து நிமிட வேலை. அடுத்தது சைடு கவர் (எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் தகடு மூடி; டேப்பெட் கவர் என்றால் நம் ஊரில் மேல் மூடியை நினைப்பார்கள்). நடுவில் ஒரே போல்ட். ஒழுகுகிறதே என்று இறுக்க இறுக்க தகடு வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், இன்னும் ஒழுகும். தட்டி நேராக்கினேன். சென்னை புதுப்பேட்டையில் வாங்கி வந்த கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் விரியும், ஆனால் எனக்குப் பொறுமையில்லை. ரப்பர் கலந்த கார்க் ஷீட்டில் நானே வெட்டிவிட்டேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

மூன்றாவது, எஞ்சினின் பின்பக்கம், கிராங்க் வெளியே வரும் இடம். அங்கே ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டியிருக்கும் திருகுப் பள்ளம்தான் சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளுகிறது. உள்ளே காற்றழுத்தம் கூடினால் அதற்குத் தாங்காது. அந்தக் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாயில் கம்பியை விட்டேன், அல்வா மாதிரி கசடு வந்தது. சுத்தம் செய்ததும், ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தியதும், வண்டிக்கு அடியில் போடும் அட்டையில் விழும் கறை உள்ளங்கை அளவிலிருந்து ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வந்தது. அதற்கு மேல் குறையவில்லை. கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் காட்டர் பின் (மடித்த கம்பி ஊசி) தொங்குமே, அந்த ஓட்டையை யாரோ அடைத்தும் வைத்திருந்தார்கள். வெளியே ஒழுகாது, கிளட்ச்தான் குளிக்கும். குத்தித் திறந்துவிட்டேன்.

அம்பாசிடரில் இருக்கும் இதே பி-சீரிஸ் வகை எஞ்சின் உள்ள எம்ஜிஏ என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வெளிநாட்டில் ரப்பர் சீல் கிட் விற்கிறார்கள். அதை மாட்ட எஞ்சினை இறக்கியாக வேண்டும். முதலில் எஞ்சினை இறக்கச் சொன்ன அந்த மெக்கானிக்கிடம் போய் இதைச் சொல்ல இப்போதைக்கு மனசு வரவில்லை. அடுத்த ஞாயிறு முன்பக்க ஷாக் அப்சார்பர். அதிலும் ஆயில் கசிகிறது.