கல்லை எடுத்தாச்சு, ஸ்டென்டை எடுக்கத்தான் படாதபாடு

வலியில் சுருண்டுகொண்டே டோக்கன் கவுண்டரில் "கிட்னில கல்லு" என்றதும், அங்கிருந்தவர் நெஃப்ராலஜிக்கு (கிட்னி நோய்க்கு ஆபரேஷன் இல்லாமல் மருத்துவம் பார்க்கும் பிரிவு) சீட்டுப் போட்டுவிட்டார். டயாலிசிஸ் நோயாளிகளோடு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கல், அடைப்பு, ப்ராஸ்டேட், சிறுநீர்ப்பைக் கட்டி இதெல்லாம் யூராலஜி. ஆபரேஷன் பண்றவங்க அவங்கதான்" என்றார். அதற்குள் யூராலஜி ஓ.பி. முடிந்துவிட்டது. கவுண்டரில் நோயைச் சொல்லாதீர்கள், யூராலஜி என்று கேட்டே டோக்கன் வாங்குங்கள்.

மறுநாள் எல்லாம் மளமளவென்று நடந்தது. சி.டி.யில் கல் 9 மி.மீ. 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும், இது இறங்குவது கஷ்டம் என்றார்கள். (வாழைத்தண்டுச் சாறோடு நின்ற அத்தையிடம் இதை யார் சொல்வது?) சிறுநீர் வரும் வழியிலேயே கேமராவை விட்டு லேசரால் உடைத்தார்கள். தையலே இல்லை.

தொல்லை டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் வீக்கத்தில் அடைக்காமலிருக்க, அதற்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய ட்யூபை வைத்திருந்தார்கள். அது உள்ளே இருக்கும்வரை பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். போனால் விலாவில் சுரீர் என்று இழுக்கும், சில நாள் சிவப்பாகவும் வரும். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அதை எடுக்கப் போனால் கவுண்டரில், "டிஸ்சார்ஜ் சம்மரில ஸ்டென்ட்டுனே இல்லையே சார், எதை எடுக்கணும்?" என்கிறார். எழுத விட்டுவிட்டார்கள்! ஆபரேஷன் செய்த டாக்டர் லீவு. கெஞ்சியும் பார்த்தேன், சத்தமும் போட்டேன். கடைசியில் நர்ஸக்கா ஒருவர்தான், "ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க சார், பேசாம காட்டிரும்" என்றார். இரண்டு முனையும் சுருண்டு பளிச்சென்று விழுந்திருந்தது. பிலிமை அப்படியே கவுண்டர்மேல் வைத்தேன். அப்புறம் கவுண்டர்காரரிடமிருந்து பேச்சே இல்லை. மரத்துப்போக ஜெல் போட்டு, சில நிமிடத்தில் உருவிவிட்டார்கள்.

ஸ்டென்ட் வைத்ததும் எடுக்க வேண்டிய தேதியும் சம்மரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அதன் மேலேயே உப்புப் படிந்து கல் கட்டும். அதை எடுக்கத் தனி ஆபரேஷன். இடையில் குளிர்காய்ச்சல் வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சி. உடைத்த கல்லை லேபுக்கு அனுப்பவும் சொல்லுங்கள். என்னுடையது கால்சியம் ஆக்சலேட். உப்பைத்தான் குறைக்கச் சொன்னார்கள், பாலை நிறுத்தச் சொல்லவில்லை.

ஸ்டென்ட் எடுத்த பில்லுக்கு இன்ஷூரன்ஸில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? சம்மரியில் ஸ்டென்ட் எங்கே என்று. திருத்திய சம்மரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்தாகவில்லையாம்.