எரியுது, ஆனா தெரியல

பர்னர் எரிகிறது. பார்க்கும் துளையில் நீலச் சுடர் கண்ணுக்கு நேராக நிற்கிறது. 3 நொடி. டக். சிவப்பு விளக்கு, லாக்அவுட்: பர்னர் தானே நின்று பூட்டிக்கொண்டது.

"அண்ணே, நல்லாத்தானே எரிஞ்சுச்சு?" என்றான் உதவிக்கு வந்த பையன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பலகாரக் கம்பெனியின் கேஸ் பாய்லர். காலையிலிருந்து இதே கதை. ரீசெட், 30 நொடி காற்று, தீப்பொறி, சுடர், டக்.

சுடர் பார்க்கும் கம்பியை மாற்றினோம். அதைத் தாங்கும் பீங்கானைத் துடைத்தோம். அதன் ஒயரை இக்னிஷன் கேபிளை விட்டு ஒரு சாண் தள்ளிக் கட்டினோம். ம்ஹூம்.

கடைசியில் நியூட்ரல் டெர்மினலில் டெஸ்டர் வைத்தேன். எரியக் கூடாத டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மெயின் லைன் மாற்றியபோது யாரோ சிவப்பையும் கறுப்பையும், அதாவது பேஸையும் நியூட்ரலையும், மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மோட்டார் ஓடும், வால்வு திறக்கும், எதற்கும் குறையில்லை. சுடருக்கு மட்டும் ஆகாது.

தீ வழியாகவும் மின்சாரம் போகும். கம்பியிலிருந்து சுடருக்குள் புகுந்து, பர்னர் உடம்பு வழியாக எர்த்துக்கு. சில மைக்ரோஆம்பியர்தான், அதுவும் ஒரு பக்கமாக மட்டும். அந்தத் துளியை வைத்துத்தான் பர்னரை நடத்தும் கண்ட்ரோலர் பெட்டி தீ இருப்பதாக நம்பும். பேஸ் மாறினால் அந்தத் துளியும் இல்லை.

அப்பத்தா ஊதாங்குழலால் ஊதிவிட்டு, முற்றத்தில் நின்றபடியே "புடிச்சிருச்சு" என்பார். புகை வாசத்திலேயே அவருக்குத் தெரியும். இந்தப் பெட்டிக்கு மூக்கு கிடையாது. எரியாத கேஸ் உள்ளே சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால், அது சந்தேகப்படுவதில் கோபம் வராது.

இரண்டு ஒயரை மாற்றினேன். அந்தத் துளி மின்சாரத்தைக் காட்டும் மீட்டரின் முள் மெல்ல எழுந்து நின்றது.

பையன் இன்னும் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.