டாலருக்கு மூன்று ரூபாய் ஆசை

கிரிப்டோ விற்ற பணத்தால் என் வங்கிக் கணக்கு ஏழு வாரம் முடங்கிக் கிடந்தது. தப்பு என் மேல்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் யாராவது அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

2021-ல் எல்லோரையும் போல நானும் கொஞ்சம் பிட்காயின் வாங்கினேன். 2024 டிசம்பரில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும், மொட்டை மாடிக்கு மேல் ஓர் அறை போட வைத்திருந்த திட்டம் ஞாபகத்துக்கு வந்தது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலேயே நேராக ரூபாய்க்கு விற்றிருந்தால் பணம் அடுத்த நாளே வங்கிக்கு வந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. பிட்காயினை டாலர் மதிப்பிலேயே நிற்கும் யூஎஸ்டிடி காயினாக மாற்றி, ஆளுக்கு ஆள் நேராக விற்கும் பி2பியில் விற்றால் டாலருக்கு மூன்று ரூபாய் கூடக் கிடைக்கும் என்று நண்பன் சொன்னான். கிடைக்கவும் செய்தது. 2025 ஜனவரியில் நான்கு ஆர்டர்களில் விற்று முடித்தேன்.

மூன்று ஆர்டர்களில் ஒரு சிக்கலும் இல்லை. நான்காவது 42,500 ரூபாய். ஆர்டரில் இருந்த பெயர் ஒன்று, பணம் வந்த வங்கிக் கணக்கின் பெயர் வேறு. பார்த்தேன். ‘ஏன் பெயர் மாறியிருக்கிறது?’ என்று சாட்டில் கேட்டேன். ‘பிரதர் அக்கவுன்ட்’ என்று பதில் வந்தது. பணம்தான் வந்துவிட்டதே என்று காயினை ரிலீஸ் செய்துவிட்டேன். இந்த முழுக் கதைக்கும் காரணம் அந்த ஒரு தட்டல்தான். பெயர் மாறிப் பணம் வந்தால் காயினை விடாதீர்கள். பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆர்டரை டிஸ்ப்யூட்டில், அதாவது எக்ஸ்சேஞ்சிடம் புகாராகப் போடுங்கள். அவன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை மாலை. பெட்ரோல் பங்கில் 300 ரூபாய்க்கு அடித்துவிட்டு ஸ்கேன் செய்தால் போகவில்லை. மறுபடியும் செய்தேன், அப்போதும் போகவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். பர்ஸில் இருந்த இருநூறைக் கொடுத்து, மீதிக்கு மனைவியிடம் ஜிபேயில் போடச் சொல்லித் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தால் இருப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது. டெபிட் ஃப்ரீஸ். மறுநாள் மாதத்தின் இரண்டாவது சனி, வங்கி இல்லை. திங்கள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

திங்கட்கிழமை கிளையில் ஒரு மேடம் கணினியைப் பார்த்துவிட்டு, “சைபர் கம்ப்ளெயின்ட் இருக்குதுங்க, மேலிருந்து நிறுத்திட்டாங்க” என்றார். வடக்கே ஒரு மாநிலத்தில் யாரோ ஒருவர் ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்து, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்திருக்கிறார். அந்தப் பணம் இரண்டு மூன்று கணக்குகள் தாண்டி, என் காயினை வாங்கிய ‘பிரதர்’ வழியாக என்னிடம் வந்திருக்கிறது. பணம் போன தடத்தில் இருந்த எல்லாக் கணக்குகளையும் நிறுத்தியிருக்கிறார்கள். பறிகொடுத்தவர் பாவம். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

கோபம் வந்தது அடுத்த கேள்வியில். “என்ன பணமுங்க இது?” என்றார் மேடம். கிரிப்டோ விற்ற பணம் என்றேன். குரலைத் தாழ்த்தி, “அது இல்லீகல்தானுங்களே” என்றார். பக்கத்து கவுண்டரில் நின்ற பெரியவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலாளரிடம் அனுப்பினார்கள். அவர் 2018 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையைச் சொல்லி, கிரிப்டோ சம்பந்தப்பட்ட எதையும் வங்கிகள் தொடக் கூடாது என்றார்.

அதை 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அது மட்டுமல்ல, 2021 மே 31-ல் ரிசர்வ் வங்கியே, அந்தப் பழைய சுற்றறிக்கையை மேற்கோள் காட்டி வாடிக்கையாளர்களிடம் பேசாதீர்கள் என்று வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. அன்று இது என் கையில் இல்லாததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். மறுநாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். கூடவே முந்தைய ஆண்டின் வருமான வரிக் கணக்கும். மேலாளர் இரண்டு முறை படித்தார். “இது எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணுமே” என்றார். இந்த ஏழு வாரத்தில் நான் ஜெயித்த ஒரே இடம் அதுதான். கணக்கு என்னவோ திறக்கவில்லை.

வரிக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் கொஞ்சம் பிட்காயின் விற்று 1,10,000 ரூபாய் லாபம் பார்த்திருந்தேன். வேறொரு காயினில் 38,000 நஷ்டம். இரண்டையும் கழித்து 72,000-க்கு வரி என்று நினைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போனால் அவர் சிரித்தார். 2022 பட்ஜெட்டில் வந்த விதிப்படி லாபத்துக்கு நேராக 30 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம் செஸ். ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தைக்கூடக் கழிக்க விடமாட்டார்கள், வாங்கிய விலை மட்டும்தான். 34,320 ரூபாய் கட்டினேன். படிவத்தில் இதற்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. ஐடிஆர்-1-ல் அது கிடையாது, சம்பளக்காரர்கள் ஐடிஆர்-2 போட வேண்டும். பிட்காயினை யூஎஸ்டிடியாக மாற்றுவதும் விற்பனைதான், அதற்கும் வரி உண்டு. நிறையப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள்.

இவ்வளவு வரி கட்டிய தாள் கையில் இருக்கும்போது ‘இல்லீகல்’ என்று கேட்டால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். வரி வாங்குகிற கவுண்டரில் அது சொத்து. வங்கிக் கவுண்டரில் மட்டும் கள்ளச் சாராயம் விற்ற காசு மாதிரி பார்க்கிறார்கள்.

அப்புறம் அலைச்சல். எங்கள் ஊர் சைபர் பிரிவுக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன். புகார் வேறு மாநிலத்தில் இருக்கிறது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். நீங்கள் அந்த அரை நாளை மிச்சப்படுத்துங்கள். வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவை: புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் எண், எந்த ஊர் சைபர் பிரிவு, அவர்களுடைய மின்னஞ்சல், முடக்கச் சொன்ன தொகை எவ்வளவு. வாயால் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் நம்பினேன். ஒரு துண்டுச் சீட்டில் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தார்கள். வங்கி ஸ்டேட்மென்ட், ஆர்டர் ஸ்க்ரீன்ஷாட், சாட், ஆதார், பான், வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். பன்னிரண்டு நாள் பதிலே இல்லை. ஸ்பேம் பெட்டியைத் தற்செயலாகத் திறந்தால், ‘இப்படி ஒரு முகவரி இல்லை’ என்று முதல் நாளே திரும்பி வந்து கிடக்கிறது. எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

இதற்கிடையில் பிப்ரவரிச் சம்பளமும் அதே கணக்கில் போய் விழுந்தது. முடக்கிய கணக்கில் பணம் உள்ளே போகும், வெளியே வராது. கணக்கு நின்ற அன்றே அலுவலகத்தில் சொல்லிச் சம்பளக் கணக்கை மாற்றுங்கள். எனக்கு அது உறைக்கவில்லை. பைக் இஎம்ஐ திரும்பியது. கணக்கை நிறுத்திய அதே வங்கி, பணம் எடுக்க முடியவில்லை என்று எனக்கு அபராதமும் போட்டது!

சரியான முகவரிக்கு அனுப்பிய ஒரு வாரத்தில் அந்த ஊர் அதிகாரி போனில் கிடைத்தார். எனக்கு இந்தி ‘தோடா தோடா’கூடக் கிடையாது. எதிர் வீட்டு அண்ணன் பல வருடம் சூரத்தில் துணி வியாபாரம் பார்த்தவர். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் போட்டோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க திருடன் இல்லைன்னு தெரியுதாம், ஆனா காசு திருட்டுக் காசாம்” என்று அண்ணன் மொழிபெயர்த்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் வழி திறந்தது ஒரு தீர்ப்பால். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுக் கணக்கை இயங்கவிடலாம் என்று ஒரு வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. அதைக் காட்டி, 42,500-ஐ மட்டும் எடுக்க முடியாதபடி பிடித்து (லீன்) வைத்துவிட்டு மீதியைத் திறக்கச் சொல்லி, வங்கியில் இந்த மாதிரிப் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும் அந்த சைபர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதினேன். தனித்தனியாக எழுதினால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். சைபர் பிரிவு ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வரி அனுப்பியது.

மார்ச் 28, நாற்பத்தொன்பதாவது நாள், கிளையில் ஒரு தாளை நீட்டினார்கள். இனிமேல் இந்தக் கணக்கில் கிரிப்டோ பரிவர்த்தனை செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி. இதைக் கேட்க உங்களுக்கு என்ன அதிகாரம் என்று கேட்க நாக்கு துடித்தது. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டேன். காத்திருந்த நேரத்தில் அதே மேடம், “டிஜிட்டல் கரன்சி வேணும்னா நம்ம ஆப்லயே டிஜிட்டல் ரூபாய் இருக்குதுங்களே” என்று காட்டினார். ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் சில்லறைப் பயன்பாட்டுக்குச் சோதனையாக விட்டது அது. வெளியே வந்து டீக்கடையில் யுபிஐ கியூஆரில் அதை வைத்து 24 ரூபாய் கட்டினேன், போய்விட்டது. கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

2025 அக்டோபரில் கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியை நண்பன் அனுப்பினான், ‘இனி பயமில்லை’ என்று ஒரு பொம்மையோடு. மூன்று ரூபாய் யோசனை சொன்ன அதே நண்பன். பதில் போடவில்லை.

அந்த 42,500 இன்னும் லீனில்தான் இருக்கிறது. இருப்பில் தெரியும், எடுக்க வராது. அந்த ஆர்டருக்கு எக்ஸ்சேஞ்ச் பிடித்த 1 சதவீத டிடிஎஸ் மட்டும், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஜூனிலேயே ஏறிவிட்டது. ஆகஸ்டில் கணக்கு தாக்கல் செய்தபோது ஆடிட்டர் அந்த ஆர்டரையும் அட்டவணையில் ஏற்றினார். டாலருக்கு மூன்று ரூபாய் வீதம் அதில் கிடைத்த கூடுதல் சுமார் 1,400 ரூபாய். அதற்கும் 30 சதவீதம் கட்டினேன். ஏற்றுக்கொண்டதாக அன்றைக்கே குறுஞ்செய்தி வந்தது.