தராசுக்குத் தெரியாத 19 மில்லிமீட்டர்

என் ஆறு அம்புகளிலும் வெள்ளை மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் எழுதி வைத்திருக்கிறேன். குறுக்குவில் (துப்பாக்கிபோல் விசையை இழுத்து எய்யும் வில்) பழக ஆரம்பித்த முதல் வாரத்திலேயே செய்த வேலை அது. எந்த அம்பு எங்கே போய்த் தைத்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளத்தான் எழுதினேன். அந்த எண்கள் இல்லையென்றால் இங்கே சொல்லப்போகும் விஷயம் எனக்கு இன்னும் பிடிபட்டிருக்காது.

சாயங்கால வெளிச்சத்தில் அம்பு எங்கே போய் விழுகிறது என்றே தெரிவதில்லை. அதற்காக எரியும் நாக் வாங்கினேன். நாக் என்பது அம்பின் வால்நுனியில், நாண் வந்து தள்ளும் இடத்தில் செருகும் சின்ன பிளாஸ்டிக் துண்டு. எரியும் வகையில் ஒரு குட்டி பேட்டரியும் எல்இடியும் உள்ளே இருக்கும். எய்ததும் எரியத் தொடங்கும். வில்லின் கையேடு எந்த வடிவ நாக் போடச் சொல்கிறதோ அதே வடிவத்தில்தான் வாங்கினேன். இந்த ஒரு விஷயத்தில் யாரும் விளையாட வேண்டாம். வடிவம் பொருந்தாவிட்டால் நாண் அம்பைத் தள்ளாமல் அதன் மேலேயோ கீழேயோ நழுவிவிடும், வில்லே உடையலாம். பாக்கெட்டில் மூன்று நாக் இருந்தன. 4, 5, 6 ஆகிய அம்புகளில் மாட்டினேன்.

புது நாக் பழையதைவிட 15 கிரெயின் கூடுதல். அம்பு எடையைக் கிரெயினில்தான் சொல்வார்கள். 15 கிரெயின் என்றால் முழுசாக ஒரு கிராம்கூடக் கிடையாது. என் அம்பு ஒவ்வொன்றும் 400 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம். ஒரே செட்டில் எடை மாறினால் வேகம் மாறும், தைக்கும் உயரமும் மாறும் என்பது தெரிந்ததுதானே. அதனால் அந்த மூன்றிலும் 100 கிரெயின் முனையைக் கழற்றிவிட்டு 85 கிரெயின் முனையைத் திருகினேன். தராசில் வைத்தால் மூன்றுமே பழையபடி 400. கையேடு சொல்லும் குறைந்தபட்ச எடைக்கும் மேலேதான். எல்லாம் சரி என்று நம்பிவிட்டேன்.

20 மீட்டரில் ஒரு வித்தியாசமும் இல்லை. 40 மீட்டருக்குப் போனதும்தான் தொல்லை. 1, 2, 3 மூன்றும் ஏழு சென்டிமீட்டருக்குள் உட்கார்ந்தன. மற்ற மூன்றும் அதைப்போல் இரண்டு மடங்கு அகலத்துக்கு, ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாகச் சிதறின. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நானும் என்னைத்தான் நொந்துகொண்டேன். மூச்சைக் கவனித்தேன், விசையை இன்னும் மெதுவாக இழுத்தேன், ஸ்கோப் திருகுகளை இறுக்கிப் பார்த்தேன். இரண்டு வாரம் போனது. நோட்டைப் புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் அதே 4, 5, 6.

ஒருநாள் அம்புகளைத் துடைத்து வைக்கும்போது, பழக்கதோஷத்தில் 2-ஆம் அம்பை ஆள்காட்டி விரலில் குறுக்கே வைத்தேன். சமமாக நின்றது. 5-ஐ எடுத்து அதே இடத்தில் வைத்தேன். வால் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

உடனே ஒரு ஸ்டீல் ரூலரைப் பட்டறைப் பிடியில் விளிம்பு மேலே இருக்கும்படி மாட்டி, அதன்மேல் அம்பை வைத்து மெல்ல மெல்ல நகர்த்தினேன். மூச்சுக் காற்றுப் பட்டாலே ஆடும். ஆடி ஆடி ஓர் இடத்தில் நின்றதும் அங்கே பென்சிலால் கோடு. நாக்கின் அடியிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தேன். 1, 2, 3 மூன்றும் 315 மில்லிமீட்டர். 4, 5, 6 மூன்றும் 296. மொத்த எடை கிரெயின் பிசகாமல் ஒன்று, ஆனால் எடை மையம் 19 மில்லிமீட்டர் பின்னே போயிருக்கிறது. தராசு இதை எப்படிச் சொல்லும்? எவ்வளவு எடை என்றுதான் அதற்குத் தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இந்த அளவை எஃப்ஓசி என்பார்கள். எடை மையம் அம்பின் சரிபாதியிலிருந்து எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதைச் சதவீதமாகச் சொல்வது. நாக்கின் அடியிலிருந்து தண்டு முடியும் இடம்வரை அளக்க வேண்டும், திருகும் முனையைச் சேர்க்கக் கூடாது. என் அம்பு 20 அங்குலம், அதாவது 508 மில்லிமீட்டர், பாதி 254. 315-இல் 254 போனால் 61. அதை 508-ஆல் வகுத்தால் 12 சதவீதம். 296 உள்ள அம்புகளுக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல். குறுக்குவில் அம்புக்கு 10 முதல் 15 வரை இருந்தால் நல்லது என்பதுதான் பரவலான வழக்கம்.

சரி, இதனால் ஏன் சிதற வேண்டும்? எந்த அம்பும் ரெயிலை, அதாவது வில்லில் அம்பு படுத்து ஓடும் தடத்தை, விட்டு நூல் பிடித்தாற்போல் கிளம்புவதில்லை. நூலளவாவது கோணிக்கொண்டுதான் வெளியே வரும், அந்தக் கோணலும் ஒவ்வொரு தடவையும் வேறுவேறு பக்கம். கோணலாகப் போகிற நேரமெல்லாம் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். வாலில் உள்ள இறகுகள் காற்றைப் பிடித்து அம்பை நேராக்குகின்றன. எடை மையத்தைச் சுற்றித்தான் அம்பு திரும்புகிறது. ஆகவே காற்று அழுத்தும் மையம் எடை மையத்துக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு வலுவாகத் திருப்பும். எடை மையம் பின்னே நகர்ந்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். அம்பு நேராக நேரம் பிடிக்கும், அதற்குள் ஒதுங்கிவிடும். ஒரே பக்கமாக ஒதுங்கினாலாவது ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்யலாம். பக்கம் மாறி மாறி ஒதுங்கினால் ஸ்கோப் என்ன செய்யும்? குறுக்குவில் அம்பு சாதாரண வில்லின் அம்பைவிடக் குட்டை என்பதால் இந்த இடைவெளி முதலிலேயே குறைவு. முன்னால் அகலப் பிளேடு முனை மாட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பிளேடுகளும் காற்றைப் பிடித்து, அழுத்தும் மையத்தை முன்னே இழுத்துவிடும்.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. எரியும் நாக்கையும் 85 முனையையும் 1, 2, 3-க்கு மாற்றினேன். சிதறலும் கூடவே போய் அந்த மூன்றில் ஒட்டிக்கொண்டது. 4, 5, 6 மறுபடியும் நல்ல பிள்ளைகளாகிவிட்டன. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வால் எடையின் பலம். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். எடை மையத்திலிருந்து வால்நுனி 315 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, முன்முனை சுமார் 200 மில்லிமீட்டர்தான். வாலில் சேரும் ஒரு கிரெயினை ஈடுகட்ட முன்னால் ஒன்றரைக்கும் மேல் கிரெயின் வேண்டும். எல்லோரும் கனமான முனையைப் பற்றியும் பித்தளை இன்சர்ட்டைப் (முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) பற்றியும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் வாலில் என்ன சேர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்: நாக், இறகின் கீழே சுற்றும் ஸ்டிக்கர், பசை.

கணக்குப் போட்டால் 15 கிரெயின் நாக்குக்கு முன்னால் 24 கிரெயின் வேண்டியிருந்தது. 125 கிரெயின் முனை கடையிலேயே கிடைக்கும், பழைய 100-ஐவிட 25 கூடுதல். இன்னொரு பாக்கெட் நாக் வாங்கி ஆறு அம்புக்கும் எரியும் நாக், ஆறுக்கும் 125 முனை என்று மாற்றினேன். ரூலரில் வைத்தால் ஏறக்குறைய அதே பழைய கோடு. மொத்த எடை 440 ஆனது. வேகம் நொடிக்கு 350 அடியிலிருந்து 335 சுமாருக்கு இறங்கியது. ஸ்கோப்பைத் தொடாமல் எய்தபோது 40 மீட்டரில் ஆறேழு சென்டிமீட்டர் கீழே தைத்தது. ஆனால் ஆறும் ஒன்றாகத் தைத்தன, அதுதானே வேண்டும். ஸ்கோப்பைத் திருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

20 சதவீதம், 25 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. டார்கெட்டுக்கு எய்யும் எனக்கு அது தேவைப்படவில்லை. முன்னால் சேர்க்கும் ஒவ்வொரு கிரெயினும் வேகத்தைக் கேட்கும், தூரம் கூடக்கூட அம்பு சீக்கிரம் இறங்கும். 12-இல் ஆறும் ஒன்றுபோல் இருப்பது, ஒன்று 18-உம் இன்னொன்று 14-உமாக இருப்பதைவிட மேல் என்று நினைக்கிறேன்.

போன வாரம் 6-ஆம் அம்பில் ஓர் இறகு கிழிந்துவிட்டது. பழைய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்துப் புது இறகு ஒட்டினேன். காய்ந்ததும் ரூலரில் வைத்தேன். கோடு 2 மில்லிமீட்டர் பின்னே இருந்தது. கணக்குப்படி மூன்று கிரெயின் பசை கூடுதல். இறகின் அடியோரம் மணி மணியாக நின்ற பசையை நகத்தால் உரித்தெடுத்தேன். இப்போது ஒரு மில்லிமீட்டருக்குள் வந்திருக்கிறது. மீதியை நாளைக்குப் பார்க்கிறேன்.