தலைகளை எண்ணியவன்

ஏழு ஆண்டுகள் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்களை எண்ணும் பொறுப்பு என்னிடம் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஓர் எண் கூடும். ஆரம்ப ஜெபம் தொடங்கியதும் பின்சுவர் ஓரமாக நின்று வரிசை வரிசையாக எண்ணுவேன். எல்லோரும் அசையாமல் நிற்கும் நேரம் அதுதான். பிரசங்கம் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்காக இன்னொரு முறை. பிறகு நோட்டில் தேதி, ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், மொத்தம். ஆண்டுக் கூட்டத்தில் அந்த நோட்டை வைத்துத்தான் அறிக்கை வாசிப்போம். போன ஆண்டைவிட எண் கூடியிருந்தால் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வோம். நானும் மனதாரச் சொன்னேன்.

ஒரு நாள் மாலை வழியில் ஒரு வாலிபனைப் பார்த்தேன். எப்போதும் தூணை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுகிறவன். “என்ன தம்பி, நன்றாக இருக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்” என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான்.

“அண்ணா, நான் சபைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது.”

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அவன் குரலில் கோபம் இல்லை. “நான் வராதது யாருக்காவது தெரிந்ததா?” என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அந்த நான்கு மாதங்களிலும் எண்ணிக்கை ஏறித்தான் இருந்தது. அவன் விட்டுப்போன இடத்தைப் புதிதாக வந்தவர்கள் நிரப்பியிருந்தார்கள். அவன் இல்லாமற்போனதற்கு என் நோட்டில் ஓர் அடையாளமும் இல்லை. அந்த இரவில் இன்னொன்றும் உறைத்தது: ஏழு ஆண்டுகளாக ஆரம்ப ஜெபத்தில் நான் கண்களை மூடியதே இல்லை. காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டிய நீங்கள் இன்னும் பாலுண்கிறவர்களாக இருக்கிறீர்கள் என்று எபிரெயர் நிருபம் கடிந்துகொள்கிறதே, அது யாருக்கோ எழுதியது என்றுதான் அதுவரை வாசித்திருந்தேன்.

உலகச் சபையின் எதிர்காலம் என்ற பேச்சு எழுந்தால் நாம் எல்லோரும் முதலில் திறப்பது இப்படி ஒரு நோட்டைத்தான். அதில் இருப்பது பொய்யல்ல. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 1910-ல் உலகக் கிறிஸ்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பாவில் இருந்தார்கள். 2010-ல் அது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 1910-ல் உலகக் கிறிஸ்தவர்களில் நூற்றில் இரண்டு பேர்கூட இல்லை. நூறு ஆண்டுகளில் அது நூற்றில் ஏறக்குறைய 24 பேராகிவிட்டது. 2050-க்குள் பத்தில் நான்கு கிறிஸ்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று அதே மையம் 2015-ல் கணித்தது. இதை வாசிக்கும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ஒரு தலைமுறை கண்ணீரோடு விதைத்ததை இன்னொரு தலைமுறை அறுக்கிறது.

ஆனால் ஆப்பிரிக்காவின் வடகரையில் இதற்கு முன்பும் ஒரு நோட்டு நிறைந்திருந்தது. கி.பி. 411-ல் கார்த்தேஜ் நகரில் பிளவுபட்டிருந்த இரு தரப்புச் சபையாரும் வழக்காடக் கூடியபோது, இரு பக்கமுமாக 500-க்கும் மேற்பட்ட பேராயர்கள் வந்திருந்தார்கள். ஹிப்போ நகரின் பேராயரான அகஸ்டின் அங்கே இருந்தார். 430-ல், வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தாரின் படை அந்த நகரை முற்றுகையிட்டிருந்த நாட்களில் அவர் இறந்தார். 1076-ல் போப் ஏழாம் கிரகோரி, ஒரு பேராயரை அபிஷேகம் பண்ணத் தேவையான மூன்று பேராயர்கள்கூட ஆப்பிரிக்காவில் இல்லை என்று வருந்தி எழுதும் நிலை வந்தது. ஐந்நூறிலிருந்து மூன்றுக்கும் கீழே. போர், சபைப் பிளவு, ஆட்சி மாற்றம் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை: அந்தச் சபை லத்தீனில் பாடியது, லத்தீனில் வாதாடியது, மலைகளிலும் வயல்களிலும் இருந்த பெர்பர் மக்களின் மொழியில் வேதாகமம் இருந்ததற்குத் தடயமே இல்லை. பக்கத்து எகிப்தில் சாதாரண ஜனங்கள் தங்கள் காப்டிக் மொழியில் வேதத்தை வாசித்தார்கள். அதே புயல் அங்கும் அடித்தது. அந்தச் சபை இன்றும் இருக்கிறது.

கார்த்தேஜில் யாரோ ஒரு பெர்பர் வாலிபன் கடைசி வரிசையில் நின்று, ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். பேராயர்களை எண்ணியவர்களுக்கு அவன் போனது தெரிந்திருக்காது.

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டைப் பற்றிப் படித்தபோது இந்த எண்ணம் இன்னும் இறுகியது. சுமார் 1,200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்கள் ஏறக்குறைய 20 பேர்தான். ஊழியங்களின் புள்ளிவிவரங்களை வரைபடங்களோடு ஒரு பெரிய தொகுப்பாகவே அந்த மாநாட்டுக்கென்று தயாரித்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன், தமிழ்நாட்டின் வெள்ளாளன்விளையில் பிறந்த ஊழியர் வி. எஸ். அசரியா எழுந்து நின்றார். அப்போது அவருக்கு வயது 35. நீங்கள் ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைத் தந்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், “எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்” என்றார். கேட்டவர்களில் சிலருக்கு அது கசந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தோர்ணக்கல்லில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மாநாட்டின் தீர்மானங்களை இன்று தேடிப் படிக்கிறவர்கள் சிலரே. அந்த ஒரு வாக்கியம் இன்னும் நம்மைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது.

எண்ணும் கருவியை நான் சபையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எண்ணுவது பாவம் என்று சொல்லவில்லை. நூறு ஆட்டில் ஒன்று குறைவதை அறிய அந்த மேய்ப்பனும் எண்ணித்தான் இருக்க வேண்டும். ஆனால் அவன் எண்ணியது எது குறைகிறது என்று பார்க்க. நான் எண்ணியது எவ்வளவு கூடியது என்று பார்க்க. இணையவழி ஆராதனையின் பார்வை எண்ணிக்கையைச் சொல்லி மகிழும்போதும் நாம் அதையேதான் செய்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

புதன்கிழமை மாலைகளில் அந்தத் தம்பியின் அறைக்குப் போகத் தொடங்கினேன். மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிப்போம் என்று முடிவு. பதினாறு அதிகாரம், நான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஓர் ஆண்டுக்கும் மேல் ஆயிற்று. அவன் ஒவ்வொரு வரிக்குக் கீழும் பென்சில் நுனியை நகர்த்திக்கொண்டே வாசிப்பான். நான்காம் அதிகாரத்தில், விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைக்கிற உவமையில், பென்சில் ஒரு சொல்லில் நின்றது. நிலம் முளையையும் கதிரையும் தானியத்தையும் ‘தானாய்’க் கொடுக்கும் என்று இருக்கிறது.

“தானாய் என்றால் நாம் செய்ய ஒன்றும் இல்லையா, அண்ணா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரத்துக்குள் தேடிப் படித்தேன். கிரேக்கத்தில் அந்தச் சொல் ‘ஆட்டோமேட்டே’. புதிய ஏற்பாட்டில் அது வரும் இன்னோர் இடம் அப்போஸ்தலர் 12: பேதுரு சிறையிலிருந்து வெளியே வரும்போது இரும்புக் கதவு தானாய்த் திறவுண்டது. இரண்டையும் அவன் முன் வைத்தேன். அவன் நெடுநேரம் பார்த்தான். “சபையார் அன்று இரவு பேதுருவுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார்களே. கதவைத் திறந்தது அவர்கள் இல்லை. ஆனால் தூங்கவும் இல்லை” என்றான். பல ஆண்டுகள் பிரசங்கம் கேட்டவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

அவனிடம் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. முதல் மூன்று மாதம் வாய்விட்டு ஜெபிக்கவே இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை, “ஆண்டவரே, அண்ணனுக்கு முதுகு வலிக்கிறது” என்று ஒரு வரி சொல்லி, ஆமென் என்று முடித்துக்கொண்டான். வாரந்தோறும் அவன் அறையில் தரையில் உட்கார்ந்து எழும்போது நான் சுவரைப் பிடிப்பதை அவன் கவனித்திருக்கிறான். எனக்காக ஒருவர் அப்படிப் பார்த்து ஜெபித்தது நினைவில் இல்லை. அன்று நான் கண்களை மூடியிருந்தேன்.

இப்போது அவனே இரண்டு மாணவர்களோடு மாற்கு வாசிக்கிறான். போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். அவர்களில் ஒருவன் இரண்டு வாரமாக வரவில்லையாம். இந்தப் புதன்கிழமை என்னைப் பார்க்க வர முடியாது, அவன் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்.