கோழி எரு, சீகைக் கரி: இரண்டாவது குவியல்

மார்கழியில் மக்கவைக்கப் போட்ட முதல் உரக்குவியல் கெட்டுப்போனதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் கேரட், பீட்ரூட் போடுகிறேன். எரு நாமக்கல் பக்கமிருந்து மூட்டையில் வருவது. கரி கலந்தால் நாற்றம் அடங்கும் என்றார்கள். சரி, கரியும் கார்பன்தானே, சருகு பொறுக்கும் வேலை மிச்சம் என்று நினைத்து, 50 கிலோ எருவில் 15 கிலோ கரியைக் கொட்டினேன். குழியில் கிடந்த சாம்பலையும் வழித்துப் போட்டேன். மூன்றாம் நாள் கண் எரிந்தது. சூடு ஏறவே இல்லை, உள்ளே களி மாதிரி கிடந்தது. "என்னப்பா போட்டு வச்சிருக்க? துணி காயப்போட முடியல" என்று பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

கோழி எருவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) பத்துப் பங்கு கார்பன்கூட இருக்காது. நன்றாக மக்க 25 முதல் 30 பங்கு வேண்டும். கரியில் இருக்கும் கார்பனை நுண்ணுயிர்களால் லேசில் தின்ன முடியாது, அதனால் அது இந்தக் கணக்கில் சேராது. சாம்பல் வேறு காரத்தைக் கூட்டி அம்மோனியாவை விரட்டிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து அது!

கரி சுட்டதில் மட்டும் குறையில்லை. மழை விட்ட மறுநாள், கூம்பு மாதிரி வெட்டிய குழியில் காய்ந்த சீகை (வாட்டில் மரம்) விறகு. மேலிருந்து பற்றவைத்து, விறகின்மேல் வெள்ளைச் சாம்பல் படியத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலே எரியும் தீ காற்றைப் பிடித்துக்கொள்வதால் அடியில் இருப்பது சாம்பலாகாமல் கரியாகவே நிற்கும். கடைசியில் தணல் முழுக்க அவியும்வரை தண்ணீர். ஈரத்தோடு இடித்தால் தூள் மூக்கில் ஏறாது.

தையில் இரண்டாவது குவியல். எரு அதே 50 கிலோ, கரி 5 கிலோதான், சாம்பல் கிடையாது. அளவில் எருவைப் போல இரண்டு மடங்கு சில்வர் ஓக் சருகும் காய்ந்த புல்லும். அந்தச் சருகு முரட்டு ஜாதி, நறுக்கித்தான் போட வேண்டும். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவுக்கு ஈரம். மலைக்குளிரில் சின்னக் குவியல் சூட்டை விட்டுவிடும் என்பதால் மேலே சாக்கு.

நான்காம் நாள் காலை கை விறைக்கும் குளிரில் சாக்கைத் தூக்கினால் டீக்கடை பாய்லர் போல ஆவி. தெர்மாமீட்டர் 63 டிகிரி காட்டியது. 55க்கு மேல் மூன்று நாளாவது நிற்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் எருவில் இருக்கும் நோய்க்கிருமி சாகும். கேரட்டைப் பச்சையாகக் கடிக்கிறோம், சால்மோனெல்லா கிருமி விளையாட்டில்லை. ஓரமெல்லாம் குளிர்ந்தே கிடந்ததால் புரட்டி உள்ளே தள்ளினேன். அப்போது லேசாக அம்மோனியா வாடை வந்து, ஒரு மணி நேரத்தில் போய்விட்டது.

இது கரியால் வந்த பலனா, சருகால் வந்ததா? இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு எப்படிச் சொல்வது! அடுத்த குவியல் கரி இல்லாமல், சருகு மட்டும். அதற்கு முன்னால் வேலியை இறுக்க வேண்டும். நேற்று ராத்திரி காட்டுப்பன்றி ஒரு பக்கத்தைக் கிளறிவிட்டுப் போயிருக்கிறது.